ஒன்பது மில்லிமீட்டர்

எங்கள் மெல்லிசைக் குழு நான்கு வருடம் பேஸ் கிட்டார் இல்லாமலேயே ஓடியது. ஆர்கன் வாசிப்பவர் இடது கையால் கீழ் சுரங்களைச் சமாளித்துவிடுவார். கல்யாண வீடுகளில் யாரும் குறை சொன்னதில்லை. பந்திக்கு வந்தவர்கள் பேஸ் எங்கே என்று கேட்கவா போகிறார்கள்? குறை எனக்குத்தான். ரேடியோவில் புதுப் பாட்டு வந்தால் மற்றவர்கள் பாடுகிறவரைக் கேட்பார்கள். நான் அடியில் தனியாக நடந்து போகும் அந்தத் தடித்த ஒலியைத் தேடிக்கொண்டிருப்பேன். கிட்டத்தட்ட வியாதி மாதிரி.

நான் அப்போது நெய்வேலியில் டிராயிங் ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன். எந்திர பாகங்களை அளந்து, படம் வரைந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் மில்லிமீட்டர் எழுதுவது வேலை. எழுபதுகள் முடிந்து எண்பது பிறந்த சமயம். வயது இருபத்தாறு. அளவு விஷயத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது என்று ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்பை இங்கே சொல்லி வைப்பது நல்லது, பின்னால் உதவும்.

பேஸ் கிட்டாரை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தது நெல்லிக்குப்பத்தில் ஒரு கோயில் திருவிழாவில். மெட்ராஸிலிருந்து பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வந்திருந்தது. சாயங்காலம் கச்சேரிக்கு முன்னால் அவர்களுக்கு இலை போட்டார்கள். பேஸ் வாசிப்பவரிடம் போய், நீங்கள் சாப்பிட்டு வருவதற்குள் இதை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவர் கேமரா என்று நினைத்துச் சரி என்றார். நான் சுருட்டி வைத்திருந்த டிரேசிங் ஷீட்டை விரித்து, கிட்டாரை அதன் மேல் படுக்க வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்தேன். சாம்பார் ஊற்றுவதற்குள் உடம்பு முடிந்தது, ரசத்துக்குள் கழுத்து. மோர் வந்தபோது டேப்பை வைத்துத் தந்தியின் நீளம் அளந்தேன். கழுத்தின் உச்சியிலிருந்து கீழே தந்தி உட்காரும் பிரிட்ஜ் வரை எண்ணூற்று அறுபத்து நான்கு மில்லிமீட்டர். கை கழுவிவிட்டு வந்தவர் என்னைப் பார்த்த பார்வையில் நட்பு இல்லை.

கழுத்தின் மேல் குறுக்கே பதித்திருக்கும் சின்னக் கம்பிகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். எந்தக் கம்பிக்குப் பின்னால் விரலை அழுத்துகிறோமோ அந்தச் சுரம் வரும். அவை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால்தான் சுருதி சேரும். அவற்றின் இடங்களை நான் அந்தக் கிட்டாரிலிருந்து காப்பி அடிக்கவில்லை. லாகரிதம் அட்டவணையை வைத்து இருபது ஃப்ரெட்டுக்கும் நானே கணக்குப் போட்டேன். முதலாவது நாற்பத்தெட்டரை மில்லிமீட்டரில், பன்னிரண்டாவது சரிபாதியில், நானூற்று முப்பத்திரண்டில். படத்தை முழு அளவில் வரைந்து முடித்தபோது, வாசிக்காமலேயே பாதி சந்தோஷம் வந்துவிட்டது.

விலைக்கு வாங்குவது நடக்காத காரியம். செய்யச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்கு நான் தேடிப் பிடித்தவர் எங்கள் பேட்டர்ன் ஷாப்பில் இருந்த ஒரு கான்ட்ராக்ட் ஆள். எந்திரத்தில் ஒரு இரும்புப் பாகம் உடைந்தால் புதிதாக வார்ப்பார்கள். வார்ப்பதற்கு முன் அதே வடிவத்தில் மரத்தில் ஒரு மாதிரி செய்து, அதை மணலில் அழுத்தி அச்சு எடுக்க வேண்டும். அந்த மர மாதிரிதான் பேட்டர்ன். இவர் செய்த பேட்டர்ன்களை நான் பார்த்திருக்கிறேன். வார்த்துக் கரி பிடிக்கப் போகிற இரும்புக்காக அத்தனை வழவழப்பு எதற்கு என்று தோன்றும்.

அவருக்கு கம்மாபுரம் பக்கம் ஊர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். அது அப்படித்தான் இருந்தது, இருவருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. அவர் குடும்பம் தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தது. இவர் மூட்டை தூக்க வந்து, பேட்டர்ன் ஷாப்பைக் கூட்டிப் பெருக்கி, பார்த்துப் பார்த்தே உளி பிடித்தவர். மர வேலை என்று அவர் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த ஷாப்புக்குள்தான். எட்டு வருடமாகியும் கான்ட்ராக்ட்தான்.

படத்தை விரித்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இது பாட்டுப் பாடற சாமானுங்களா?"

"ஆமாண்ணே. கூலி எவ்வளவு சொல்லுங்க."

"கூலியெல்லாம் வேணாங்க சார். இந்த வருசம் பர்மனென்ட்டுக்கு லிஸ்ட்டு எடுக்கறாங்கன்னு பேசிக்கிறாங்க. ஃபோர்மேன் சார் உங்க கூடத்தான பாடறாரு. என் வேலையப் பத்தி அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்."

பேட்டர்ன் ஷாப் ஃபோர்மேன்தான் எங்கள் குழுவின் பாடகர், மேனேஜர் எல்லாம். அந்த ஷாப்பிலிருந்து யார் பெயரை லிஸ்ட்டுக்கு அனுப்புவது என்று எழுதுவதும் அவர்தான். ஒரு வார்த்தை என்ன, ஒன்பது வார்த்தை சொல்கிறேன் என்றேன்.

மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போனேன். நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் காலி செய்த ஊரில் இடித்த ஒரு வீட்டின் தேக்கு நிலைக்கட்டை அவரிடம் இருந்தது. அதிலிருந்து கழுத்தை எடுத்தார். உடம்புக்குப் பூவரசு. அளப்பதற்கு ஓரம் மழுங்கிய ஒரு இரும்பு ஸ்கேல் வைத்திருந்தார். ஒரு மீட்டர் நீளம், ஷாப்பில் கழித்துப் போட்டது. நான் என் புது ஸ்டீல் டேப்பை நீட்டினேன்.

"இருக்கட்டும் சார். எனக்கு இதான் கைப்பழக்கம்."

கூரை வீடுதான், ஆனால் கதவு, ஜன்னல், கட்டில், அலமாரி எல்லாம் அவர் செய்தவை. மழைக்காலத்திலும் கதவு பிடிக்காமல் சாத்தியது. என் குவார்ட்டர்ஸ் கதவைத் தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்த வூட்ல எல்லாம் அந்த ஸ்கேலு வச்சி அளந்ததுதாங்க. என்னத்தான் இன்னும் அளக்கல."

நான் எழுதிக் கொடுத்த இருபது எண்களையும் பார்த்துப் பார்த்து, கூர்மையான பென்சிலால் கோடு போட்டு, மெல்லிய ரம்பத்தால் அறுத்து, ஃப்ரெட் கம்பிகளைப் பதித்தார். பிரிட்ஜும், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும் மெட்ராஸிலிருந்து வர வேண்டியிருந்தன. பிரிட்ஜ் வர வேண்டிய இடத்தில் அவர் ஒரு கோடு மட்டும் போட்டு வைத்தார்.

"அது வந்ததும் சொல்லுங்க சார். நானே குவார்ட்டர்ஸுக்கு வந்து வச்சித் தரேன்."

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா திருநெல்வேலிக்காரி. சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஏலே, இது என்ன உலக்கைக்குக் கம்பி கெட்டுன மாதிரி இருக்கு?" என்றாள். அப்போது கம்பிகூடக் கட்டியிருக்கவில்லை.

மெட்ராஸிலிருந்து பார்சல், எங்கள் டவுன்ஷிப் கிளப்பின் ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. விழாவில் புது பேஸ் என்று ஃபோர்மேன் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். அவர் அன்று வேலைக்கு வரவில்லை, கம்மாபுரம் பக்கம் போய்க் கூட்டிவர ஒரு சாயங்காலம் ஆகும். ஒரு தகட்டில் நான்கு ஸ்க்ரூ முடுக்க எனக்குத் தெரியாதா? டேப்பை உச்சியில் மாட்டி இழுத்தேன். எண்ணூற்று அறுபத்து நான்கு. அவர் போட்ட கோடு அதற்கு ஒன்பது மில்லிமீட்டர் கீழே கிடந்தது.

மறுபடி அளந்தேன். ஒன்பது மில்லிமீட்டர்தான். எனக்குக் கோபம்கூட வரவில்லை, ஒரு மாதிரி திருப்தி வந்தது என்று சொல்ல வேண்டும். என்ன இருந்தாலும் முறையாகப் படித்தவன் அளப்பது வேறு என்று நினைத்தேன். ரப்பரை எடுத்து அவர் கோட்டை அழித்தேன். என் அளவில் ஒரு கோடு போட்டு பிரிட்ஜை முடுக்கினேன்.

தந்தி ஏற்றி, ஒயரைச் சொருகி, கட்டைவிரலால் முதல் தந்தியைத் தட்டியபோது அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் நடுங்கின. அந்த ஒலி காதுக்கு வருவதற்கு முன் வயிற்றுக்கு வந்தது. நான்கு வருடமாக ரேடியோவின் அடியில் தேடியது இப்போது என் மடியில் கிடந்தது. உட்கார்ந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். அந்த வாரம் அவருக்கு நைட் ஷிஃப்ட், பகலில்தான் தூக்கம். ஆகவே ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, சத்தமில்லாமல் விரலை மட்டும் ஓட்டிப் பழகினேன். டவுன்ஷிப்பில் கரண்ட் போகாது, ஆனால் பக்கத்து வீட்டு ஷிஃப்ட்டைப் பார்த்துத்தான் எதையும் செய்ய வேண்டும்.

ஃபோர்மேனிடம் அந்த ஒரு வார்த்தையை நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. விழா முடிந்ததும் கையில் பேஸோடு, இது யார் செய்தது தெரியுமா என்று ஆரம்பித்தால் எடுபடும் என்று தள்ளிப்போட்டிருந்தேன். அவ்வளவு நல்ல எண்ணம்.

விழாவில் முதல் மூன்று பாட்டுக்குக் குறை இல்லை. கழுத்தின் மேல்பாதியிலேயே விரல் நின்றது, ஒலி கொட்டகையை நிரப்பியது. முன்வரிசையில் ஒரு அதிகாரியின் குழந்தை நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டது. நான்காவது பாட்டில் இடையிசையில் பேஸும் ஆர்கனும் மட்டும் சேர்ந்து ஏறிப் போகும் ஒரு இடம் இருந்தது. நான் ஆசைப்பட்டுச் சேர்த்துக்கொண்டது. விரல் கழுத்தின் அடிப்பக்கம் போகப் போக பேஸ் ஆர்கனை விட்டு விலகியது. முதலில் ஒரு கசப்பு மாதிரி, பிறகு அப்பட்டமான அபஸ்வரம். சுரம் ஏறி நின்றது, இறங்க மறுத்தது. ஆர்கன்காரர் திரும்பிப் பார்த்தார். ஃபோர்மேன் சரணத்தை எடுக்க வேண்டிய இடத்தில் சுருதி தெரியாமல் இரண்டு தாளம் விட்டுவிட்டார். கொட்டகையில் விசில் அடித்தார்கள். அது பாராட்டி அடித்த விசில் இல்லை.

மேடைக்குப் பின்னால் ஃபோர்மேன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என்னய்யா, உன் பேஸ் எங்கயோ போகுது?"

குழுவில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. "நான் என்ன சார் பண்றது? செஞ்சவனுக்கு அளக்கத் தெரியல. பிரிட்ஜ் கோடே ஒன்பது மில்லிமீட்டர் தப்பு, நான்தான் சரி பண்ணி வச்சேன். ஃப்ரெட்டெல்லாம் என்ன லட்சணத்துல இருக்கோ."

"யார் செஞ்சது?"

"உங்க ஷாப் ஆளுதான். அந்தக் கான்ட்ராக்ட் ஆளு."

"அவனா? அப்ப பேட்டர்னும் இப்படித்தான் போடறானா? வார்ப்பு தப்பாப் போனா என் தலைதான்யா உருளும்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று மாதம் அண்ணே என்று கூப்பிட்டவரை 'செஞ்சவன்' என்று சொன்னதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

லிஸ்ட் ஒரு மாதத்தில் நோட்டீஸ் போர்டுக்கு வந்தது. பேட்டர்ன் ஷாப்பிலிருந்து இரண்டு பெயர். அவர் பெயர் இல்லை. பார்த்துவிட்டு, சொல்லியிருந்தால் மட்டும் கிடைத்திருக்குமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பேஸைப் பழைய போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தேன்.

லிஸ்ட் வந்து இரண்டு வாரம் கழித்து ஒரு பம்பு மூடியின் படத்தில் சந்தேகம் என்று பேட்டர்ன் ஷாப்புக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் கிடந்த ஒரு ஸ்கேலை எடுத்து என் படத்தின் மேல் வைத்தேன். முந்நூறு மில்லிமீட்டர் என்று நான் வரைந்த கோடு இருநூற்றுத் தொண்ணூற்றேழு காட்டியது. ஒரு நொடி பயந்துபோனேன். டேப்பை எடுத்து அளந்தேன். முந்நூறு.

"என்ன ஸ்கேல் இது? தப்பா இருக்கு."

அங்கே இருந்த வேறொரு தொழிலாளி சிரித்தார். "சார், அது வார்ப்பு ஸ்கேல். இரும்பு ஆறும்போது நூத்துக்கு ஒண்ணு சுருங்கும்ல? அதுக்காகக் கோடெல்லாம் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கும். இங்க எல்லாமே அதுதான்."

எனக்குத் தெரிந்த விஷயம்தான். படித்ததுதான். படத்தில் முடிந்த அளவை மட்டும் எழுது, சுருக்கத்தை பேட்டர்ன் ஷாப் பார்த்துக்கொள்ளும் என்று எங்களுக்கு முதல் வாரமே சொல்லியிருந்தார்கள். பல வருடமாக எழுதிவந்தேன். எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

நின்ற இடத்திலேயே கணக்கு வந்தது. எண்ணூற்று அறுபத்து நான்கில் நூற்றுக்கு ஒன்று, கிட்டத்தட்ட ஒன்பது. அவர் இருபது ஃப்ரெட்டையும் பிரிட்ஜ் கோட்டையும் ஒரே ஸ்கேலால் அளந்திருக்கிறார். முழுக் கழுத்தும் ஒரே சீராக நூற்றில் ஒரு பங்கு கூடுதல் நீளம், அவ்வளவுதான். சுருதிக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. அவர் வீட்டுக் கதவும் நிலையும் பொருந்தியது மாதிரி அதுவும் பொருந்தித்தான் இருந்திருக்கும். நடுவில் என் டேப்பை நுழைத்துக் கெடுத்தது நான்.

வீட்டுக்குப் போய் பேஸை வெளியே எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது பென்சிலின் கூர் பதிந்த தடம் மரத்தில் லேசாகத் தெரிந்தது. கரிதான் அழிந்திருந்தது. பிரிட்ஜைக் கழற்றி அந்தத் தடத்தில் வைத்து முடுக்கினேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு அன்று ஜெனரல் ஷிஃப்ட், பகல் தூக்கம் கிடையாது. ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, உச்சி முதல் அடி வரை ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்தேன். ஒன்றுகூட விலகவில்லை. அதைவிட நல்ல பேஸை நான் பிறகும் தொட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வாசிப்பதை நிறுத்தவும் மனம் வரவில்லை.

மறுநாள் ஃபோர்மேனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "எனக்கே தோணலையே," என்றார். பிறகு, "லிஸ்ட் போயாச்சுய்யா. போர்டுல ஒட்டினதுக்கப்புறம் நான் என்ன பண்ண முடியும்? அடுத்த தடவை முதல் பேரா எழுதறேன்." சொன்னபடி எழுதவும் செய்தார். அடுத்த லிஸ்ட் மூன்று வருடம் கழித்து வந்தது. மூன்று வருடம் என்று எழுதுவது எனக்குச் சுலபம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேஸை சைக்கிள் கேரியரில் குறுக்காகக் கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். எதைச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். முதலில் டேப் விஷயத்தைச் சொன்னேன். கோட்டை அழித்ததையும் சொன்னேன்.

"அழிச்சிட்டீங்களா!" என்று சிரித்தார். பிறகு, "அன்னிக்கி நான் கிளப்பு வேலிகிட்ட நின்னு கேட்டுகினுதான் இருந்தேன் சார். கையி கீழ வரப்ப ஒரு மாதிரி ஆயிடுச்சி. நம்ம கைதான் தப்பு பண்ணிடுச்சோன்னு ரொம்ப நாளா மனசே சரியில்ல."

"உங்க கையில தப்பே இல்லண்ணே. தப்பெல்லாம் என்னுது."

"ஸ்கேலு வேறன்னு நான் சொல்லியிருக்கணும் சார். எனக்கு அது வேற ஸ்கேலுன்னே தோணல."

பிரிட்ஜை நகர்த்தியதில் பழைய ஓட்டை இரண்டு வெளியே தெரிந்துகொண்டிருந்தன. அவர் பூவரசுத் துண்டில் இரண்டு சின்ன ஆப்பு சீவி, அடித்து, உளியால் சமன் செய்தார். விரலால் தடவினால்கூட இடம் தெரியவில்லை. கரண்ட் இல்லாத வீடு. நான் வாசித்தேன், அவர் மரத்தின் மேல் காதை வைத்துக் கேட்டார். மேலிருந்து அடி வரைக்கும் போய் வரச் சொன்னார். தலையை எடுக்காமலே, "இப்ப சரி," என்றார்.

சொல்ல வந்ததில் பாதி, ஃபோர்மேனிடம் அவரைப் பழித்தது, இன்னும் பாக்கி இருந்தது. அவரே ஆரம்பித்தார்.

"சார், ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சிக்காதீங்க. ஃபோர்மேன் சார்கிட்ட எம் பேரைச் சொன்னீங்களா?"

"சொன்னேன்," என்றேன்.

அவர் மெல்லத் தலையை ஆட்டினார். "நீங்க சொல்லியும் வரலன்னா என்னா பண்றது, நம்ம நேரம்." உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "தே, சார் நமக்காவ சொல்லியிருக்காரு. டீ போடு."

டீ வந்தது. குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.